அப்பா உடைத்த கண்ணாடி

தேங்காய் உடையவில்லை. கண்ணாடிதான் உடைந்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரித்துவிடுகிறார்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். அன்றைக்கு அங்கே நின்ற எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சிங்கப்பூரில் கல்யாணமாகாத ஆள் அடுக்குமாடி வீட்டைத் தன் பேரில் தனியாக வாங்க வேண்டுமென்றால் முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பிறந்தநாள் நெருங்கினால் சிலருக்கு நரைமுடிக் கவலை வரும், எங்கள் சொந்தக்காரர்களுக்கு என் கல்யாணக் கவலை வந்தது. எனக்கு வீட்டு ஆசை வந்தது. கேக் வெட்டிய கையோடு இணையத்தில் வீடு தேட உட்கார்ந்துவிட்டேன். பார்த்த வீடுகளில் மனசு போய் உட்கார்ந்தது ஆங் மோ கியோவில் ஒரு பழைய மூவறை வீட்டில். சமையலறைத் தரையில் ஓடு பெயர்ந்திருந்தது. குளியலறைக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும் என்று விற்றவரே எச்சரித்தார். எதுவும் என் காதில் ஏறவில்லை. எல்லா வீட்டு வாசலும் திறக்கும் பொதுக் காரிடாரைப் பார்த்த முன்னறை ஜன்னலில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே சரி சொல்லிவிட்டேன்.

அப்பாதான் மசியவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். பெண் தனியாக வீடு வாங்கினால், இனி அவளுக்குக் கல்யாணம் இல்லை என்று நாமே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. ஒருமுறை சொன்னார், இரண்டுமுறை சொன்னார். அதற்குப் பிறகு சத்தம் போடாமல் சும்மா இருந்துவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் அப்போது தனியாக வாடகை அறையில் இருந்தேன்; தெம்பனிஸில் அவர்கள் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேசையில் நான் குழாய், சாயம், மின்விசிறி என்று பேச ஆரம்பித்தால் எழுந்துபோய்ச் செய்தி பார்ப்பார். வீட்டை வந்து பார்க்கவும் இல்லை.

ஆனால் அப்பாவிடம் ஒரு பெருமை உண்டு. கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் யார் புது கார் எடுத்தாலும், டாக்சி எடுத்தாலும், தேக்காவில் யாராவது கடை திறந்தாலும், தேங்காய் உடைக்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை பட்ட வண்டி இடித்ததில்லை, அவர் தேங்காய் உடைத்த கடை நொடித்ததில்லை என்று ஒரு பேச்சு. அவரும் கூச்சப்படுவதுபோல் கூச்சப்பட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அம்மா அந்த இடத்தில்தான் பிடித்தாள். வீட்டுச் சாவி கிடைத்த அன்று சாயங்காலம் வாசலில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும், ஊருக்கெல்லாம் உடைப்பவர் சொந்த மகளுக்கு உடைக்காவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டாளாம். அப்பா வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லிஃப்ட் கதவு திறந்து அவர் காரிடாரில் நடந்து வந்ததை கல்யாண வீட்டுப் படக்காரன் மாதிரி ஓடி ஓடிப் படம் எடுத்தேன்.

இங்கே காரிடாரில் தேங்காய் உடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊரில் உடைப்பதுபோல் தரையில் ஓங்கிப் போட்டால் தண்ணீரும் சில்லும் அடுத்த வீட்டு வாசல்வரை போகும், புகார் வரும். அதனால் தேங்காயை நெகிழிப் பைக்குள் போட்டு, பைக் காதுகளை இறுக்கிப் பிடித்து, தலைக்குமேல் சுழற்றித் தரையில் அடிப்போம். உடையும், சிந்தாது. அப்பா இதை எத்தனையோ முறை செய்தவர். அன்றும் நிலைக்குப் பூச்சரம் சாத்தி, கற்பூரம் காட்டி, தேங்காயைப் பையில் போட்டு, கண்ணை மூடி, கையைத் தூக்கினார்.

பை மெல்லிசு. சுழற்றிய வேகத்தில் காது அறுந்தது. தேங்காய் பறந்துபோய் முன்னறை ஜன்னலில் இறங்கியது. மங்கல் கண்ணாடி ஒன்று முழுசாகக் கொட்டியது. தேங்காய் ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே விழுந்து, கூடத்துக்கு உருண்டு வந்து, நடுவில் நின்றது.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். புது வீட்டுக்குள் அன்னாசிப்பழத்தை உருட்டிவிடுவது அவர்கள் வழக்கம், அதிர்ஷ்டம் உருண்டு வரும் என்பார்கள். எங்கள் வீட்டுக்குள் தேங்காய் உருண்டதைப் பார்த்ததும், இந்தியர்களின் அன்னாசி இதுதான்போல என்று நினைத்து, இரண்டு கையையும் தட்டி வாழ்த்துச் சொன்னார். இவ்வளவு வேகமாக உருட்டி அவர் பார்த்ததே இல்லையாம்.

அப்பா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குனிந்து இரண்டு சில்லைப் பொறுக்கினார், பிறகு ஜன்னல் சட்டத்தில் கைவைத்துக் கொஞ்சநேரம் ஏதோ பண்ணிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தொந்தரவு செய்யாமல் துடைப்பம் தேடப் போனேன். திரும்பி வந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியைத் தாண்டி உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை.

"மனசுல நெனச்சது கையில வந்துடுச்சு. ஞாயித்துக்கிழம பால் காய்ச்சறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றார்.

அவ்வளவுதான். லிஃப்ட்டில் இறங்கிவிட்டார். அம்மா தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். மறுநாள் அதைச் சட்னி அரைத்துவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கண்ணாடி போனால் போகிறது. புது வீட்டில் பால் பொங்கும்போது அப்பா அடுப்படியில் நிற்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் இல்லாமல் பொங்கினால் எத்தனை நல்ல நேரம் பார்த்து என்ன பிரயோசனம்? அம்மா தொலைபேசியில் ஒரு வழி சொன்னாள். உடைந்த கண்ணாடியோடு பால் காய்ச்சக் கூடாது, அதனால் முதலில் ஜன்னலைச் சரிசெய். ஜன்னல் முழுசாக இருந்தால், எல்லாம் நேராகிவிட்டது, வந்து பாருங்கள் என்று அவரை இழுத்து வரப் பார்க்கிறேன் என்றாள். பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள், இழுத்து வருகிறேன் என்று சொல்லவில்லை.

போதும், அது போதும் எனக்கு. அன்று இரவே ஜன்னல் சட்டத்தை அளந்தேன். ஒருமுறை அளந்து நம்பாமல் மறுபடி அளந்தேன். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஓரத்து அலுமினியப் பட்டியும் ஒரு ரப்பரும்தான், அதைக் கழற்றினால் பழைய சில் வந்துவிடும் என்று கைபேசியில் காணொளி பார்த்துத் தெரிந்துகொண்டேன். காரிடார் ஜன்னல், கீழே விழ இடமில்லை, நாமே மாட்டலாம் என்று தைரியம் வந்தது. தைரியமென்ன, திமிரே வந்தது.

வெள்ளிக்கிழமை தஞ்சோங் பகாரில் வேலை முடிந்ததும் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்காவில் பால் காய்ச்சும் பானையும் மஞ்சளும் வாங்கிக்கொண்டு, ஜாலான் பெசார் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்கு நடந்தேன். கடைக்காரச் சீன அங்கிள் அளவைப் பார்த்துவிட்டு, காரிடார் என்றால் மங்கல் கண்ணாடிதானே என்று எடுக்கப் போனார். எல்லாரும் அதைத்தான் போடுவார்களாம். எனக்கு என்ன தோன்றியதோ, வேண்டாம், தெளிவான கண்ணாடி கொடுங்கள் என்றேன். உள்ளே இருப்பதெல்லாம் தெரியுமே என்றார். தெரியட்டும் என்றேன். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து வாங்கிய வெளிச்சத்தை நான் ஏன் வடிகட்டிக் குடிக்க வேண்டும்? அவர் தோளைக் குலுக்கிவிட்டு வெட்டினார். அந்தச் 'சர்' என்று இழுத்த கோடும், அதன் பிறகு ஒரே தட்டில் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த அழகும், ஐயோ, இன்னொன்று வெட்டுங்கள் என்று கேட்கத் தோன்றியது. புது ரப்பரும் வாங்கினேன். டாக்சியில் கண்ணாடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் ஒவ்வொரு மேட்டிலும் திரும்பிப் பார்த்து, உடையவில்லையே என்று கேட்டார்.

சனிக்கிழமை காலையில் மாட்டினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கையுறை போட்டுக்கொண்டு வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார். முதலில் பட்டி மேலும் கீழும் மாறிப் போய்விட்டது, கழற்றி மறுபடி போட்டோம். ரப்பரை ஓரத்தில் அழுத்திக்கொண்டே போய்க் கடைசி மூலையில் அது உட்கார்ந்தபோது நான் கத்திய கத்தலில் மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. முன்னறை முழுக்க வெயில். காரிடார்ச் செடித்தொட்டி, எதிர் புளோக்கில் காயும் துணி, எல்லாம் என் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஆணி அடிக்கத் தெரியாது என்று வீட்டில் பேர் வாங்கியவள் நான். நானே மாட்டியது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து வகையாக எடுத்து அனுப்பினேன்.

அம்மா கட்டைவிரல் படம் ஒன்று போட்டாள். இராத்திரி பேசும்போது, அப்பா இன்னும் வாயே திறக்கவில்லை, சாயங்காலம் எங்கோ போய்விட்டு வந்து அறைக்குள் போனவர்தான், ஜன்னல் பேச்சை எடுக்கவே இடம் கொடுக்கவில்லை என்றாள். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சும் ஏற்பாட்டுக்கென்று இருட்டோடு புது வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்தும் விடியாமலும் அம்மாவின் அழைப்பு. குசுகுசுவென்று பேசினாள். பின்னால் பேருந்துச் சத்தம்.

"நாங்க பஸ்ல வந்துக்கிட்டு இருக்கோம். அப்பா பின்னாடி சீட்டுல உக்காந்திருக்காரு. கையில கண்ணாடி."

எனக்குப் புரியவில்லை. என்ன கண்ணாடி என்றேன்.

"உன் ஜன்னலுக்குத்தான் லா. அன்னைக்கே பூ கட்டியிருந்த நாரால சட்டத்த அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துட்டு வந்திருக்காரு, எனக்கே தெரியாது. நேத்து போய் வெட்டி வாங்கி, ஸ்டோர் ரூமுல ஒளிச்சு வச்சிருக்காரு. எம்ஆர்டி ரயில்ல யாராச்சும் இடிச்சிடுவாங்கன்னு பஸ்ஸு. தானே உடைச்சத தானே மாட்டிக் குடுத்துட்டுத்தான் உள்ள வருவாராம்."

நான் மாட்டிவிட்டதைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? சொன்னா அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிடுவாரு."

போனை வைத்தேன். ஜன்னலைப் பார்த்தேன். என் முதல் கைவேலை, நேற்றுத்தான் போட்டது, அவ்வளவு அழகாக நின்றுகொண்டிருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். பாய்ந்து போய் ரப்பரைப் பிடித்து இழுத்தேன்.

மாட்டியதைவிடக் கழற்றுவது கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. புது ரப்பர் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டது. தோசைக்கரண்டியால் நெம்பினேன். அந்த அவசரத்திலும் சிரிப்பு வந்தது. அதற்குள் அம்மாவிடமிருந்து செய்தி, அடுத்த பேருந்து மாறிவிட்டோம் என்று. ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்த தூரிகையோடு வந்தார். நேற்று பாடுபட்டுப் போட்டதை இன்று ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டார். அப்பா கண்ணாடி கொண்டு வருகிறார் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தூரிகையை வாயிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேள்வி கேட்காத மனுஷி, நன்றாக இருக்கட்டும்.

கண்ணாடியைப் போர்வையில் சுற்றிப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஓட்டை ஜன்னலுக்குப் பின்னால் போய், அன்றிலிருந்து வருத்தத்திலேயே இருப்பவள்போல் நின்றேன்.

அப்பா கண்ணாடியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஜன்னலைப் பார்த்தார். அப்படியே இருந்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன். துண்டை அவிழ்த்தார், உள்ளே மங்கல் கண்ணாடி. முன்பு இருந்ததைவிட இன்னும் மங்கல். வெளியில் போகிறவன் யாரும், உள்ளே இருப்பது ஒரு ஆளா, நாலு ஆளா என்று கண்டுபிடிக்க முடியாத மங்கல். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

என்னைத் தொடவிடவில்லை. பட்டியைத் தேய்த்துப் பார்த்து, சட்டம் சுத்தமா இருக்கே என்றார். துடைத்தேன் என்றேன். ரப்பர் புதுசாக இருக்கிறதே என்றார். ரப்பர் மட்டும் வாங்கி வைத்தேன் என்றேன். அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள், அவளுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. நார் முடிச்சில் எடுத்த அளவு இம்மி பிசகவில்லை. கண்ணாடி போய் உட்கார்ந்தது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

பால் பொங்கியது. அவர் அடுப்புக்கு இடது பக்கம் நின்றார், நான் வலது பக்கம். நுரை ஏறி விளிம்பில் தயங்கி, ஒரு பக்கமாக வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா கரண்டியை வாங்கி எனக்குத்தான் முதலில் ஊற்றினார். ஆற வைக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிட்டபிறகு கொஞ்சம் சாய்கிறேன் என்று படுக்கையறைக்குப் போனார். எனக்குப் போர்வை ஞாபகமே இல்லை. கதவைச் சாத்தும்போது அது அவர் காலில் தட்டியிருக்கிறது.

கூப்பிட்டார். போனேன். போர்வையை விலக்கிக் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எப்ப?"

"வெள்ளிக்கெழம வாங்குனேன்."

"மாட்டிப் பாத்தியா?"

"மாட்டிட்டேன்பா. காலைல கழட்டிட்டேன்."

"யாரு மாட்டுனா?"

"நான்தான்."

அவர் நம்பவில்லை. என் விரல்களைப் பார்த்தார். ரப்பர் இழுத்த இடம் சிவந்திருந்தது. அப்புறம் நம்பினார்.

"மாட்டுனத ஏன் கழட்டுன?"

பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க உள்ள வரணும்னுதான்."

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை விடவில்லை. அப்படியே அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். எல்லாம் தெரியுமே என்றார். தெரியும் என்றேன். இராத்திரி விளக்குப் போட்டால் இன்னும் தெரியும் என்றார். திரைச்சீலை வாங்கியிருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைச் சுவரில் சாத்தினார். எழுந்தார். முன்னறைக்குப் போனார். தாம் காலையில் போட்ட பட்டியைத் தாமே கழற்ற ஆரம்பித்தார்.

வேண்டாம்பா, உங்களோடதே இருக்கட்டும் என்று அவர் கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒரே பட்டியை இழுத்தோம். அம்மா வந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு ஜன்னலைக் கழற்றுவீர்கள், அந்தச் சட்டத்துக்கு வாய் இருந்தால் அழும் என்று திட்டினாள். அப்பா என் கையை விலக்கினார்.

"இது உன் வீடும்மா. நீ பாத்த வெளிச்சம் இருக்கட்டும்" என்றார்.

சேர்ந்தே மாட்டினோம். அவர் வெளியே, நான் உள்ளே. கண்ணாடி வழியாக அவர் முகம் பக்கத்தில் இருந்தது. என் பக்கம் ஒரு கறையைச் சுட்டிக்காட்டி, துடை என்று சைகை செய்தார். துடைத்தேன். அங்கே இல்லை, இங்கே என்றார். கண்ணில் தண்ணீரோடு எந்தக் கறையை நான் பார்ப்பது?

கிளம்பும்போது அவர் கண்ணாடியைத் துண்டில் சுற்றிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. நல்ல கண்ணாடி, வீணாகக் கூடாது, குளியலறை ஜன்னலுக்கு ஆகும், அடுத்த ஞாயிறு வந்து அளவு பார்க்கிறேன் என்றார். குளியலறை ஜன்னல் அந்தக் கண்ணாடியில் கால்வாசிகூட இருக்காது. காலையில் கை கழுவப் போனபோது அவரே அதைப் பார்த்திருந்தார்.

"வாங்கப்பா" என்றேன்.